ஒரு வரிக்கு மட்டும் இடம்

எங்கள் வீட்டில் கலைஞர் என்றால் அது நான்தான். கல்யாணமான நாளிலிருந்து அப்படியொரு ஏற்பாடு இருந்தது. யாரும் பேசி முடிவெடுத்ததில்லை, ஆனால் இருந்தது. அலுவலகத்தில் யாராவது ஓய்வுபெற்றால், கோயில் தலைவருக்கு அறுபது வயதானால், ஊர்ப்பிள்ளை ஒன்று டொக்டராகி வந்தால், வாழ்த்துமடல் எழுத என்னிடம்தான் வருவார்கள்.

வாழ்த்துமடல் என்பது சின்ன விசயமில்லை. பளபளப்பான தாளில் பொன்னிறக் கரை போட்டு அச்சடித்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, விழா மேடையில் ஒருவர் ராகம் இழுத்து வாசிக்க வேண்டும். வாசித்து முடியும்வரை வாழ்த்தப்படுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பதினாறு வரி. ‘கடமையின் சிகரமே, கண்ணியத்தின் கலங்கரை விளக்கே’ என்று தொடங்குவேன். ஆளின் ஊர் கப்பல்துறை என்றால் ‘கப்பல்துறை ஈன்ற கற்பகமே’. கந்தளாய் என்றால் ‘கந்தளாய்க் குளம்போல் நிறைந்த நெஞ்சே’. ஒருமுறை இலங்கைத்துறைக்காரர் ஒருவருக்கு என்ன போடுவதென்று தெரியாமல் அவரையும் கலங்கரை விளக்காக்கிவிட்டேன். திருகோணமலையில் இத்தனை கலங்கரை விளக்குகள் எரிந்தும் கப்பல்கள் ஒழுங்காக வந்துபோவது ஆச்சரியம்தான்.

என் ஆட்சிக்கு முடிவு வந்தது சீனி வருத்தத்தால். வருத்தம் மனைவிக்கு. காலையில் நடக்கச் சொன்ன வைத்தியர் எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார். எனக்கு வேண்டிய நேரத்தில் காது கேட்காது. ஆகவே அவள் மட்டும் நடந்தாள். வீட்டிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். போகும்போது வெறுங்கையோடு போகிறவள், வரும்போது கையைப் பொத்திக்கொண்டு வருவாள். குசினி யன்னலடியில் விரித்த பழைய பேப்பரில் அந்தக் கை திறக்கும். கடல் தேய்த்துத் தேய்த்து மழுக்கிய பச்சைக் கண்ணாடித் துண்டு, சவுக்கங்காய், வலையிலிருந்து கழன்ற மிதவை, வெயிலில் வெளுத்த கயிற்றுத் துண்டு, ஓட்டை விழுந்த சிப்பி.

“இது என்ன, நகரசபைக்காரர் விட்டுட்டுப் போனதையெல்லாம் அள்ளிக்கொண்டு வாறீர்?” என்று கேட்டேன்.

“சும்மா வைச்சுப் பாக்கிறன்,” என்றாள்.

சும்மா வைத்துப் பார்த்தவள் ஒருநாள் அவற்றை ஒரு துணியில் வைத்துத் தைத்துவிட்டாள். அவள் தைத்தது நாங்கள் முதன்முதலில் உப்புவெளியில் வாடகைக்கு இருந்த வீட்டை. மாரி மழைக்கு அந்த வீட்டில் ஒழுகாத இடம் ஒன்றுதான், அதில்தான் பாயைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் இருப்போம். அவள் தன் பழைய சேலைக் கரையில் கூரை தைத்திருந்தாள். கூரையிலிருந்து பச்சைக் கண்ணாடித் துண்டுகள் ஒழுகிக்கொண்டிருந்தன. கீழே, ஒழுகாத மூலையில், நான் கட்டிக் கிழிந்த பழைய சாரத்தில் வெட்டிய பாய். அந்த வீட்டைப் பற்றி ஒரு கவிதை எழுத வேண்டுமென்று அந்த வீட்டில் இருந்த காலத்திலிருந்தே நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் விறாந்தையில் மாட்டியிருக்கும் என் வாழ்த்துமடல்களின் முன்னால் ஒரு நிமிடமாவது நிற்பார்கள். வாசிக்க மாட்டார்கள், நிற்பார்கள். இப்போது நேராக உள்ளே போய், சுவரில் தொங்கிய ஒழுகும் வீட்டின் முன்னால் நின்றார்கள். விரலால் தொட்டார்கள். “எங்கட வீடும் இப்பிடித்தான் ஒழுகினது” என்று தங்கள் கதையைத் தொடங்கினார்கள். என் மடல்களைப் பார்த்து யாரும் “நானும் ஒரு கலங்கரை விளக்காக இருந்தனான்” என்று கதை தொடங்கியதில்லை.

நெஞ்சுக்குள் யாரோ இருந்து தேங்காய் துருவுவதுபோல இருந்தது. காஸ்ரிக் என்று நினைத்து மாத்திரை போட்டேன். பிரஷர் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் இன்னும் பயம். வருத்தம் ஒன்றுமில்லை என்றால் இது வேறு சாமான்.

இப்படி இருக்கும்போதுதான் கிண்ணியாவிலிருந்து அந்த அழைப்பு வந்தது.

கிண்ணியா நண்பரும் நானும் துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் பல வருடங்களாக எதிரெதிர்க் கதிரையில் இருந்து வேலை செய்தவர்கள். பாலம் வருவதற்கு முந்திய காலத்தில், பாதை என்று நாங்கள் சொல்லும் இரும்பு மிதவையில் ஏறித் தண்ணீரைக் கடந்து அவர் வேலைக்கு வருவார். மழை நாளில் நான் அவரோடு கிண்ணியாவுக்குப் போனால் பாதையில் இருவருக்கும் அவருடைய ஒரு குடைதான். என்னைவிட வயதில் மூத்தவர். அந்த மாதம் ஓய்வுபெறுகிறார். அவருக்கு எழுதப் போகும் மடல்தான் என் வாழ்நாளின் பெரிய மடல் என்று நான் அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அழைத்தது அவருடைய மகள்.

“அங்கிள், அன்ரியிட்ட ஒண்டு கேக்கணும். குடுக்கிறீங்களா?”

“வாழ்த்துமடலைப் பற்றியோ மகள்? நான் தொடங்கிட்டன்,” என்றேன். தொடங்கவில்லை.



“இல்ல அங்கிள். வாப்பா ஒப்பிசில ஒரு விழாவும் வேணாமெண்டு சொல்லிட்டார். வீட்ட ஒரு சாப்பாடு மட்டும்தான். வாழ்த்துமடலும் வேணாமாம். அன்ரி தைக்கிற அந்தச் சுவர்ல தொங்குறது இரிக்கே, அதுல ஒண்டு கெடைக்குமா எண்டு கேக்கச் சொன்னார்.”

“ஓம் மகள், அதுக்கென்ன,” என்று சொல்லி மனைவியிடம் போனைக் கொடுத்துவிட்டு, குசினிக்குள் போய் இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தேன். என் பயம் சின்னப்பிள்ளைத்தனமானதுதான், ஆனால் தெளிவானது. அந்த மனுசனுடைய வீட்டுச் சுவரில் இனிக் காலம் முழுக்க என் மனைவி இருப்பாள். நான் இருக்க மாட்டேன்.

ஆகவே நானும் தைப்பது என்று முடிவெடுத்தேன். ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது என்பதை ஒரு தடையாக நான் நினைக்கவில்லை. முதலில் பொருள் வேண்டும். மத்தியானம் மனைவி சாய்ந்து படுத்த நேரம் பார்த்து, சந்தைப் பையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். மணல் காலைச் சுட்டது. அவள் பொறுக்கி வருவது எல்லாம் உடைந்ததும் தேய்ந்ததும். நான் முழுசாக, அழகாக, வரிவரியாக இருந்த சங்குகளையும் சிப்பிகளையும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். ரசனை என்றால் என்ன என்று காட்ட வேண்டாமா. கொண்டுவந்து சாரத்தில் சுற்றி, அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒளித்து வைத்தேன்.

அடுத்தநாள் காலை, உறவுக்காரர் வீடொன்றுக்குப் போவதற்காகச் சேலை எடுக்க அவள் அலுமாரியைத் திறந்தாள். திறந்துவிட்டு, சத்தம் போடாமல் என்னைக் கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ. இதை ஒருக்கா வந்து பாருங்கோ.”

அவளுடைய கூறைச்சேலையின்மேல் என் சங்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கீழ்த்தட்டு முழுக்க இடம்பெயர்வு நடந்துகொண்டிருந்தது. நல்ல சங்கைக் கடல் சும்மா விட்டுவைப்பதில்லை, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன நண்டு குடியிருக்கும். பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். பொறாமை வந்தால் தெரிந்தது எல்லாம் மறந்துபோகும். ஒரு நண்டு என் காலை நோக்கி வந்தது. நான் எப்போது கதிரையில் ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை.

“ஆள் இருக்குதோ எண்டு பாத்து எடுக்கிறேல்லையோ?” என்றாள்.

“நான் கதவு தட்டயில்லை,” என்றேன் கதிரையிலிருந்து.

அவள் எல்லாவற்றையும் ஒரு வாளியில் பொறுக்கிப் போட்டாள். இரண்டு பேருமாகக் கொண்டுபோய்க் கடலோரத்தில் கவிழ்த்தோம். நண்டுகள் எங்களைத் திரும்பியும் பார்க்காமல் போயின. வரும் வழியில் அவள் சொன்னாள், “கடல் வேணாமெண்டு விட்டதைத்தான் நான் எடுக்கிறனான்.” பிறகு, “ஏன் எடுத்தனீங்கள் எண்டு எனக்கு விளங்குது,” என்றாள். விளங்காமல் இருந்திருக்கலாம்.

அதற்குள் நண்பருக்கான வேலையை அவள் பாதி முடித்திருந்தாள். வெளுத்த நீலச் சாரத்தில் தண்ணீர். அதன் நடுவில் கயிற்றுத் துண்டுகளை அடுக்கிச் செய்த பாதை. மேலே மழை. பாதையின் நடுவில் கறுப்புத் துணியில் ஒரு குடை மட்டும் விரித்தபடி நின்றது.

“குடைக்குக் கீழ ஆக்கள் இல்லையோ? என்னையும் அவரையும் வைச்சிருக்கலாமே,” என்றேன்.

“அவையள் வீட்டுச் சுவரில உருவம் மாட்டமாட்டினம்,” என்றாள் தையலைப் பார்த்தபடி. “உங்கட உருவமெண்டா ஆரும் மாட்டமாட்டினம்.”

பிறகு அடிப்பக்கத்தைத் தூக்கிக் காட்டினாள். தண்ணீருக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைத் துணி வெறுமையாக இருந்தது.

“இதில ஒரு வரி எழுதித் தாங்கோ. நான் நூலால தைக்கிறன்.”

“ஒரு வரியா? நான் வழக்கமா பதினாறு.”

“இடம் அவ்வளவுதான்.”

எனக்கு இரக்கப்பட்டுத் தந்த இடம் அது என்று தெரிந்தது. இரக்கப்பட்டுத் தந்ததை வேண்டாமென்று சொல்ல ஒரு கம்பீரம் வேண்டும். என்னிடம் அது இல்லை. “சரி, யோசிச்சுச் சொல்லுறன்,” என்று பெரிய மனுசன்போலச் சொல்லிவிட்டு அன்றே தொடங்கினேன்.

பதினாறு வரி எழுதுவது சுலபம். முதல் வரி சரியில்லையென்றால் அடுத்த பதினைந்தும் அதை மறைத்துவிடும். ஒரு வரிக்கு ஒளிக்க இடமில்லை. ‘கடமையின் சிகரமே’ என்று எழுதிப் பார்த்தேன். அந்தக் குடையின் கீழே அதை வைத்து நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. ‘நட்பின் இலக்கணமே’ என்று போட்டேன். அதை மூன்று பேருக்கு ஏற்கெனவே கொடுத்திருந்தேன்.

அவளுக்குக் கடற்கரையில்தானே எல்லாம் வருகிறது என்று, நானும் தாளும் பேனையுமாகக் காலையில் போய் மணலில் இருந்தேன். கடல் தன் வேலையைப் பார்த்தது. ஒரு மீன்பிடித் தோணி போனது. எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனாலும் தாள் நிறைய அடித்து அடித்து எழுதி, பக்கத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடி யோசித்தேன். திறந்தபோது ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று என் தாளை மென்றுகொண்டு நின்றது. அவசரமில்லாமல், என் கண்ணைப் பார்த்தபடி, ‘நட்பின் இலக்கணமே’ உட்பட முழுவதையும் சாப்பிட்டது. என் எழுத்தை முழுதாக உள்வாங்கிய முதல் சீவன். இரண்டாவது தாளை நீட்டினேன். மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

சாப்பாட்டுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. இரவில் நித்திரை இல்லை, பகலில் பசி இல்லை என்று எழுதத்தான் ஆசை. பசி இருந்தது. மத்தியானம் சாப்பிட இருந்தேன். பாரை மீன் பொரித்திருந்தாள். வழக்கம்போல முதலில் பூனைக்கு ஒரு துண்டு போனது. நான் பார்த்தேன். பிறகு என் சோற்றுக் கோப்பையைப் பார்த்தேன்.

“பூனைக்கு நடுத்துண்டு, எனக்கு வாலோ?”

“அது தலைப்பக்கம். முள்ளு.”

“பெரிசு.”

“உங்களுக்கு எப்பவும் மற்றவையின்ர கோப்பையைத்தான் பார்வை,” என்றாள். “பூனையின்ரயையும் விடுறேல்லை.”

உண்மைதான். சின்ன வயதிலிருந்து எனக்கு அந்தப் பழக்கம். கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் எத்தனை வடை என்று பார்ப்பேன். அண்ணனுடைய பட்டம் உயரப் போகிறதா, என்னுடையதா. பார்த்தால் எப்போதும் எனக்குத்தான் குறைவு. எப்போதும் என்று நினைத்துக்கொண்டு மீனைப் பிய்க்கும்போது, ஓரிடத்தில் அப்படி இல்லை என்று ஞாபகம் வந்தது.

அலுவலகத்தில் மத்தியானம் நண்பர் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் மூடியைத் திருப்பி மேசையில் வைப்பார். தன் மனைவி கட்டிக் கொடுத்த சோற்றையும் மீனையும் பிரித்து மூடியில் எனக்கு வைத்து, இந்தப் பக்கம் தள்ளிவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்குவார். ஒன்றும் சொல்ல மாட்டார். நோன்பு மாதத்தில் மட்டும் மூடி வராது, அந்த மாதம் முழுக்க நான் அலுமாரிக்குப் பின்னால் நின்று பேக்கரிப் பாண் தின்பேன். நான் மூடியையும் பார்ப்பேன், பெட்டியையும் பார்ப்பேன். என் சுபாவம் அது. என் வாழ்க்கையில் ஒப்பிட்டுப் பார்த்து என் பங்கு பெரிதாக வந்த ஒரே இடம் அந்த மூடி. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அவர் கவனித்துக் குறைத்துவிடுவாரோ என்று பயம்.

எச்சில் கையோடு எழும்பிப் போய், பால்காரர் கணக்குக்கு வைத்திருந்த பென்சிலால், பேப்பர் ஓரத்தில் எழுதினேன். வந்து அவளிடம் காட்டினேன். அவள் வாசித்தாள். சாப்பிடுவதை நிறுத்தி இன்னொருமுறை வாசித்தாள்.

“மீன் எண்ணெய் பட்டிருக்கு,” என்றாள். பிறகு, “இடம் காணும், தைக்கிறன்,” என்றாள்.

நண்பர் வீட்டுக்குப் போன அன்று பஸ் பாலத்தில் ஏறும்போது எனக்கு வியர்த்துக் கொட்டியது. தைத்து முடித்த துணியைச் சுருட்டி, அந்தச் சுருளை மடியில் நான்தான் வைத்திருந்தேன். மனைவியிடம் கொடுக்கவில்லை. ‘நல்லாயில்லை எண்டு சொன்னா என்ன செய்யிறது’ என்று நான் கேட்க, ‘தண்ணியைப் பாத்துக்கொண்டு வாங்கோ’ என்றாள். தண்ணீரைப் பார்த்தேன். இன்னும் வியர்த்தது.

வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். சாப்பாட்டுக்கு முன் நண்பர் சுருளை விரித்தார். பாதையைத் தடவினார். குடையைப் பார்த்துச் சிரித்தார். “இந்தக் குடையில எப்பவும் நடுவுல நிண்டது ஒங்கட மாப்பிளதான்,” என்று என் மனைவியிடம் சொன்னார். பிறகு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அடியில் இருந்த வரியைச் சத்தமாக வாசித்தார்.

“மூடியில் நீ எனக்கு வைத்தது, பெட்டியில் உனக்கு வைத்ததைவிட எப்போதும் பெரிது.”

வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு என் மனைவியைப் பார்த்து, “தங்கச்சி, நீங்க தைச்சதவிட நீங்க எழுதினது இன்னும் பெரிசு. இவன் எழுதியிருந்தா என்னையும் கலங்கரை விளக்காக்கியிருப்பான்,” என்றார்.

ஒரு பெருந்தன்மையான மனிதன் இந்த இடத்தில் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பான்.

“அது நான் எழுதினது,” என்றேன். அவர் சொல்லி முடித்து மூச்சு விடக்கூட விடவில்லை.

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல பகிடி என்று நினைத்தார்கள். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சர்பத்தை ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். அந்த இரண்டு வாய்க்கும் இடையில் எனக்கு வயதாகிப்போனது.

“ஓம், அவர்தான்,” என்றாள்.

நண்பர் என் பக்கம் திரும்பினார்.

“நீ அளந்தியா மச்சான்?”

“ஓம்.”

“ஒவ்வொரு நாளுமா?”

“நோன்பைத் தவிர.”

அவருக்குக் கண் கலங்கியது. என் பிழைப்பில் நான் எழுதிய எதற்கும் யாருக்கும் கண் கலங்கியதில்லை, மேடையில் வெயில் பட்டு நின்றவர்களைத் தவிர. சந்தோசத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போது குசினி வாசலில் நண்பரின் மனைவி வந்து நின்றார். கையில் கறிச் சட்டி.

“என்ன சொன்னீங்க? எதவிட எது பெரிசு?”

மகள் வாசித்துக் காட்டினாள்.

“விடியச்சாமம் எழும்பி, முள்ளெடுத்து, இவருக்கெண்டு பாத்துப் பாத்துக் கட்டினது நான். நல்ல துண்டெல்லாம் இந்த அண்ணன்ட வயித்துலயா போனது?”

நண்பர் என்னைப் பார்த்த பார்வையில் நட்பின் இலக்கணம் எதுவும் இல்லை. ஓய்வுபெறும் ஒரு மனிதனை அவருடைய வீட்டிலேயே, நல்ல நாளில், நூலால் தைத்துக் காட்டிக்கொடுத்திருந்தேன். வாசலுக்கு எத்தனை பேரைத் தாண்ட வேண்டும் என்று பார்த்தேன்.

“நான் கேட்டுக் கேட்டு அலுத்த கேள்விக்கு ஒருநாளாவது நேரான பதில் சொல்லியிரிக்காரா பாருங்க,” என்று நண்பரின் மனைவி என் மனைவியிடம் சொன்னார். “‘மீன் எப்பிடி’ எண்டு கேட்டா, ‘நல்லம்’ எண்டுவார். திண்டாத்தானே தெரியும்.”

“வரிய மாத்தேலாதா மச்சான்?” என்று நண்பர் மெதுவாகக் கேட்டார்.

“தைச்சாச்சு,” என்றாள் என் மனைவி.

சுவரில் எங்கே மாட்டுவது என்று மகள் பயந்து பயந்து கேட்டாள். வேண்டாம், உள்ளே வை என்று சொல்லிவிடுவாரென்று நினைத்தேன். நெஞ்சுக்குள் தேங்காய் துருவுவது நின்று, யாரோ உரலில் இடிக்கத் தொடங்கினார்கள்.

“சாப்பாட்டு மேசைக்கு எதிருல மாட்டு,” என்றார் நண்பரின் மனைவி. “எனக்கு நேர தெரியிற மாதிரி. ஒவ்வொரு நாளும் வாசிச்சு வாசிச்சுத்தான் இவருக்குச் சோறு போடணும்.”

ஆணி அடித்தார்கள். மாட்டினார்கள். அன்று சாப்பாட்டில் நண்பரின் கோப்பையில் நடுத்துண்டு விழுந்தது, என் கோப்பையில் வால். அவர் அதைப் பிய்த்து இந்தப் பக்கம் தள்ளத் துணியவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

இப்போது வாரத்தில் ஒருதரமாவது நண்பர் போன் எடுக்கிறார். நேற்றும் எடுத்தார். “மச்சான், இண்டைக்கும் வாசிச்சா. விருந்தாளி ஒருத்தர் வந்தார், அவருக்கும் வாசிச்சுக் காட்டினா. ஒன்ட எழுத்து இப்ப கிண்ணியா முழுக்கத் தெரியும்,” என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

போனை வைத்துவிட்டு மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் யன்னலடியில் இருந்து சவுக்கங்காய் ஒன்றுக்கு நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“தையலைப் பற்றி ஒண்டும் சொல்லயில்லையோ?” என்று கேட்டாள்.

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும்.